நீ என்ன டாக்டரா?

முதலிலேயே ஒரு வாக்குமூலம். நான் டாக்டர் இல்லை. நர்ஸ் இல்லை. பிளஸ் டூவில் பயாலஜி பக்கமே போகவில்லை. தவளையைப் படத்தில் பார்த்ததோடு சரி. பி.காம். மூன்றாம் வருடம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட், தேய்மானம்.

ஆனாலும் இன்றைக்கு தைராய்டு பற்றி எழுதப் போகிறேன். காரணம், எங்கள் அம்மாவைப் பார்த்த டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ என்ன டாக்டரா?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. எப்போதும் போல வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பதில் வந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆதம்பாக்கத்தில், அக்னி நட்சத்திரத்தில், அம்மா ஃபேனை அணைக்கச் சொன்னாள். குளிருகிறதாம். சென்னையில் மே மாதத்தில் ஒருவருக்குக் குளிருகிறது என்றால் அன்றே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. முடி கொட்டியது, "தண்ணி சரியில்லை" என்றோம். உடம்பு போட்டது, "வாக்கிங் போம்மா" என்றோம். மத்தியானம் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினாள், "வயசாயிடுச்சு" என்று கிண்டல் செய்தோம். வயது 51 தான்.

கடைசியில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் டிஎஸ்ஹெச் 14.2. நான்கு, நான்கரைக்குள் இருக்க வேண்டியது. டாக்டர் தைராக்ஸின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதுவரை அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நாங்கள் குடும்பத்தோடு கோட்டை விட்டதை அவர் ஐந்து நிமிடத்தில் பிடித்தார். அந்தக் கிரெடிட்டை அவர் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

அடுத்து நடந்தது இது:

முதலில்: டிஎஸ்ஹெச் 14.2. டோஸ் 50 மைக்ரோகிராம்.
மூன்று வாரம் கழித்து: 10.8. டோஸ் 75.
அடுத்த மாதம்: 8.9. டோஸ் 100.
அதற்கடுத்த மாதம்: 7.4. டோஸ் 125.

ஒவ்வொரு முறையும் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், டோஸை ஏற்றினார். அம்மாவைப் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

இங்கே கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், நம்ம சிலபஸ்தான்.

தைராக்ஸினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள். அதாவது இன்றைக்கு உடம்பில் இருப்பதில் பாதி ஒரு வாரத்தில் காலியாகும். மிச்சத்தில் பாதி அடுத்த வாரத்தில். நாம் படித்த குறைந்து செல் இருப்பு முறைத் தேய்மானமேதான்! ஒரு பக்கம் இப்படித் தேய்ந்துகொண்டிருக்க, மறுபக்கம் தினமும் ஒரு மாத்திரை வரவு. வரவும் தேய்மானமும் சமமாகி நிலைக்கு வர ஐந்தாறு வாரம் ஆகும். பிட்யூட்டரி சுரப்பி அந்த நிலையை உணர்ந்து டிஎஸ்ஹெச்சை மாற்ற இன்னும் கொஞ்சம். அதனால்தான் டோஸை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டெஸ்ட் எடு என்கிறார்கள். மூன்றாவது வாரம் டெஸ்ட் எடுத்துவிட்டு "போதவில்லை" என்பது, டிசம்பரிலேயே கணக்கை மூடிவிட்டு இந்த வருடம் நஷ்டம் என்று அழுவது மாதிரி.

அடுத்தது பெருக்கல். சுரப்பி சுத்தமாக வேலை செய்யாதவருக்கே முழு டோஸ் என்பது உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம். அம்மா 58 கிலோ. 58 x 1.6 = 92.8. அம்மாவின் சுரப்பி கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியிருக்க 125 கொடுத்தும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை என்றால், இன்னும் ஏற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாத்திரை உள்ளே போகிறதா?

கடையில் சரக்கு குறைந்துகொண்டே போகிறது. முதலாளி மேலும் மேலும் கொள்முதல் செய்கிறார். குடோன் பின்கதவு திறந்து கிடக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்க்க மாட்டாரா?

எங்கள் வீட்டுப் பின்கதவு என்ன தெரியுமா? ஃபில்டர் காபி.

அம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள். ஆவின் பாக்கெட்டை எடுத்து வந்து, பாலைக் காய்ச்சி, முதல் டிகாஷனில் காபி கலந்து, அந்தக் காபியோடு மாத்திரையை விழுங்குவாள். "வெறும் வயித்துல சாப்பிடுங்க" என்று சொல்லியிருந்தார்கள். காபி ஒரு சாப்பாடா என்ன? தமிழ்நாட்டில் எந்த அம்மாவைக் கேட்டாலும் காபி குடித்த பிறகும் வயிறு வெறும் வயிறுதான். :-)

ஆனால் மாத்திரைக்கு அது தெரியாதே. காபியோடு விழுங்கினால் தைராக்ஸின் குடலில் உறிஞ்சப்படுவது குறைகிறது என்று இத்தாலியில் ஆராய்ச்சி செய்து 2008லேயே எழுதிவிட்டார்கள். தண்ணீரில் விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் என்றால் நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

கால்சியம் என்றதும் ஞாபகம் வருகிறது. முழங்கால் வலிக்காக இன்னொரு டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை அம்மா டிபன் முடிந்ததும், ஏழரை மணிக்கு, தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தைராய்டு டாக்டருக்கு இது தெரியாது. கால் டாக்டருக்கு அது தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அம்மா. அம்மாவை யாரும் கேட்கவில்லை.

கேட்டது யார் என்றால், எங்கள் தெரு முனை மெடிக்கல் ஷாப் அண்ணன். 125 சீட்டைப் பார்த்துவிட்டு, "என்னக்கா ஏத்திக்கிட்டே போறாங்க? காபி குடிச்சிட்டா போடுறீங்க?" என்றார். நான்கு தடவை ஃபீஸ் கட்டிக் கிடைக்காத கேள்வி, சில்லறை வாங்கும் இடைவெளியில் இலவசமாகக் கிடைத்தது.

அம்மா மறுநாளிலிருந்து மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினாள். கால்சியத்தை ராத்திரிக்கு மாற்றினாள். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் டோஸ் 125லேயே இருந்தது. இதுவரை பாதி ஒழுகிக்கொண்டிருந்த குடோனை அடைத்துவிட்டோம், கொள்முதலைக் குறைக்கவில்லை.

இரண்டரை மாதத்தில் அம்மா வேறு ஆளானாள். ராத்திரி இரண்டு மணிக்கு சமையலறை ஷெல்ஃபை இறக்கித் துடைப்பாள். டபராவில் டம்ளர் கடகடவென்று ஆடும், கை நடுக்கம். படுத்தால் நெஞ்சு அடிப்பது தலையணை வழியாகக் கேட்கிறது என்றாள். டெஸ்ட் எடுத்தோம். டிஎஸ்ஹெச் 0.03.

இனி அந்தக் காட்சி. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "குட். தைராய்டு கன்ட்ரோல்ல வந்துடுச்சு. இதையே கன்டின்யூ பண்ணுங்க." அம்மா படபடப்பைச் சொன்னாள். "அது இந்த வயசுல வர்றதும்மா. டென்ஷன் ஆகாதீங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "சார், டிஎஸ்ஹெச் 0.03 ரொம்பக் கம்மி இல்லையா? முன்னாடி காபியோட சாப்பிட்டாங்க, இப்ப தண்ணில. டோஸைக் குறைக்கலாமா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீ என்ன டாக்டரா?"

மேஜைக்கு அடியில் அம்மா என் காலை மிதித்தாள். ஆட்டோவில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "டாக்டரை எதிர்த்துப் பேசற. நாளைக்கு ஒரு ஆத்திர அவசரம்னா அவர்கிட்டதானே போகணும்?"

இந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது. அம்மா அவரை நம்பியதால் வாயை மூடிக்கொள்ளவில்லை. பயத்தால் மூடிக்கொண்டாள். நோயாளி பயத்தில் அடங்கிக் கிடப்பதை நாம் டாக்டருக்குத் தரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பயத்துக்கு விலை இல்லையா? இருக்கிறது. 1994ல் வெளியான அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட 2007 பேரைப் பத்து வருடம் கவனித்தது. டிஎஸ்ஹெச் மிகக் குறைவாக, 0.1 அல்லது அதற்குக் கீழே, இருந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. அது வந்தால் பக்கவாதத்துக்கும் வழி திறக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இப்படித் தைராக்ஸின் அதிகமானால் எலும்பும் தேயும். அதாவது ஒரு டாக்டர் எலும்புக்குக் கால்சியம் கொடுக்கிறார், இன்னொரு டாக்டரின் டோஸ் அதே எலும்பைக் கரைக்கிறது. ஒரு கையில் வரவு, மறு கையில் செலவு. இரண்டுக்கும் காசு நம்முடையது.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இது வெறும் டாக்டர் திட்டல் ஆகிவிடும்.

கோபத்தில் நானே டாக்டர் ஆனேன். அம்மாவை ஒரு நாள் முழு மாத்திரை, ஒரு நாள் அரை மாத்திரை சாப்பிட வைத்தேன். சில நாள் மறந்துபோனோம். எதையும் எழுதி வைக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து அடையாறில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அவர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எப்போ, எதோட சாப்பிடறீங்க?" எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது. இரண்டாவது கேள்வி: "டோஸை யாராவது மாத்தினீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

"நீ சந்தேகப்பட்டது சரிம்மா. செஞ்சது தப்பு. இப்ப இந்த ரிப்போர்ட்டை வெச்சு நான் என்ன முடிவு பண்றது? எந்த டோஸோட ரிப்போர்ட் இது?" என்றார். வவுச்சரே இல்லாத கணக்கை ஆடிட்டரிடம் நீட்டிய மாதிரி நின்றேன். 88 மைக்ரோகிராம், தினமும், தண்ணீரில், எட்டு வாரம், பிறகு டெஸ்ட் என்றார். எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் 2.3. டம்ளர் ஆடவில்லை. ஃபேனும் ஓடுகிறது.

கவனியுங்கள், அவரும் என்னைத் திட்டத்தான் செய்தார். ஆனால் காரணம் சொல்லித் திட்டினார். "நீ டாக்டரா?" என்பது என்னை வெளியே அனுப்பும் கதவு. "எந்த டோஸோட ரிப்போர்ட் இது?" என்பது எனக்கும் புரிகிற கேள்வி. இரண்டு டாக்டருக்கும் படிப்பில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வித்தியாசம் அந்தக் கேள்வியில்.

எதிர்த்தரப்புக்கும் வாய்ப்புக் கொடுப்போம்.

டாக்டர்கள் சொல்லுவார்கள்: "வெளியில நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒவ்வொருத்தரும் கூகுள்ல பார்த்துட்டு வந்து கேள்வி கேட்டா?" நியாயம். 2017ல் பல நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், இந்தியாவில் ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவிடும் நேரம் சுமார் 2 நிமிடம் என்று வந்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். ஆனால் "எதோட சாப்பிடறீங்க?" என்று கேட்க நான்கு விநாடி போதும். நான் இப்போதுதான் வாட்ச் வைத்துப் பார்த்தேன்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. "நோயாளிக்கு எப்படித் தோணுதுங்கறதை வெச்சு டோஸ் முடிவு பண்ண முடியாது." இதுவும் உண்மை. 1891ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டு சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் புண்ணியத்தில் 1919 வரை, 74 வயது வரை, வாழ்ந்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நோயாளி எப்படி இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் டோஸ் முடிவானது. 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் சகஜம். 1970களில் டிஎஸ்ஹெச் டெஸ்ட் பரவலான பிறகுதான் பலருக்குத் தேவைக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது, டோஸ்கள் இறங்கின. 2018ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தைராக்ஸின் சாப்பிடுகிறவர்களின் டோஸை அவர்களுக்குச் சொல்லாமல் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். எது கூடியது, எது குறைந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் எதைக் கூடுதல் டோஸ் என்று நினைத்தார்களோ அதையே விரும்பினார்கள். "எனக்கு டயர்டா இருக்கு, ஏத்துங்க டாக்டர்" என்று அடம் பிடிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆகவே எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணைத்தான் நானும் நம்புகிறேன், நான் காமர்ஸ்காரி! ஆனால் எந்த எண்ணும் அது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் உபயோகம். 7.4 என்பது குறைந்த டோஸின் எண்ணாகவும் இருக்கலாம், காபியின் எண்ணாகவும் இருக்கலாம். லேபுக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். கடைசியில் 0.03 என்று எண்ணே கத்தியபோது, அந்த எண்ணையும் மதிக்காமல் போனதுதான் கொடுமை.

சட்டம் என்ன சொல்கிறது? பிசினஸ் லா பேப்பர் எழுதியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டாக்டர் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்தின்படி 'சேவை' ஆகாது என்று 1994ல் நம் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. 1995ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் வைத்தியம் சேவைதான் என்று தீர்ப்பளித்தது. 2019ல் புதிய நுகர்வோர் சட்டம் வந்த பிறகும் அந்த நிலை மாறவில்லை என்று 2022ல் மறுபடி உறுதியானது. 2008ல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி நோயாளி தன் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இதைச் சொல்வது கேஸ் போடச் சொல்லி அல்ல. "நான் கஸ்டமர்" என்று மேஜையைத் தட்டச் சொல்லியும் அல்ல. மெடிக்கல் படிக்காத நாம் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான்.

இது என் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013ல் வெளியான ஆய்வில், சோதித்த பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. பத்துக்கு ஒருவருக்கு மேல். நம் கிளாஸில் அறுபது பேர். எத்தனை அம்மாக்கள் காபியோடு விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ!

அதனால் இன்றைக்கு ராத்திரி நீங்கள் செய்ய வேண்டியது:

1. அம்மாவின் எல்லா மாத்திரைகளையும், எந்த நேரத்தில் எதோடு சாப்பிடுகிறாள் என்பதையும் ஒரே தாளில் எழுதுங்கள்.
2. எடை, தேதி, டோஸ், டிஎஸ்ஹெச். நான்கு பத்தி போட்டு ஒரு லெட்ஜர். நமக்கா சொல்லித் தர வேண்டும்?
3. டோஸ் மாறினால் அடுத்த டெஸ்ட் எத்தனை வாரம் கழித்து என்று கேளுங்கள்.
4. "ஏன் ஏத்தறீங்க? ஏன் குறைக்கறீங்க?" என்று கேளுங்கள். பணிவாக, ஆனால் பதில் வரும் வரை.
5. பதில் வரவில்லை என்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். கத்தியை எடுத்து மாத்திரையை வெட்டாதீர்கள். வெட்டியவள் சொல்கிறேன்.

கடைசியாக, அந்த டாக்டருக்கு.

இல்லை சார், நான் டாக்டர் இல்லை. எந்த நரம்பு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு முதல் டிகாஷன் இறங்குவதும், அம்மா எதோடு மாத்திரை விழுங்குகிறாள் என்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு ஷெல்ஃப் துடைக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பி.கு.: அம்மா இப்போது ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்குக் காபி. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. உயிர் பயம்தான். :-)